வெண்ணெயும் நுரையும்: பட்டர்பியரை வீட்டில் செய்வது பற்றி

ஹாரி பாட்டர் கதைகள் நுழைந்த வீட்டில் என்றாவது ஒருநாள் அந்தக் கேள்வி வந்தே தீரும்: பட்டர்பியரை நாமே செய்ய முடியுமா? முடியும். ஆனால் எந்தப் பட்டர்பியர் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கதையில் வருவது ஒன்று. அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காவில் குவளை குவளையாக விற்பது வேறொன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நிஜமாகவே அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிக் குடித்தது மூன்றாவது. இன்று கைமாறித் திரியும் செய்முறைகள் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகப் போட்டவை. அவற்றில் பல, கடைசியில் மேலே எண்ணெய் மிதக்கும் இனிப்புத் தண்ணீராக முடிந்துவிடுகின்றன. செய்பவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. வெண்ணெய்க்கும் நுரைக்கும் ஆகாது, அவ்வளவுதான். உருகிய கொழுப்பு நுரைக் குமிழியின் சுவரில் புகுந்து அதை உடைத்துவிடும். பெயரிலேயே வெண்ணெயை வைத்துக்கொண்டு, குவளையின் மேல் நுரையும் பொங்க வேண்டும் என்று கேட்கும் பானம் இது. இந்தப் பகையை யார் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் நம் அடுப்படியில் என்ன செய்யலாம் என்பது தெளிவாகும்.

கதையிலிருந்து தொடங்கலாம். 1999-இல் வந்த மூன்றாவது நாவலான அஸ்கபான் கைதியில்தான் ஜே. கே. ரௌலிங் இந்தப் பானத்தை அறிமுகப்படுத்துகிறார். ஹாக்ஸ்மீட் கிராமத்தில் மேடம் ரோஸ்மெர்ட்டா நடத்தும் த்ரீ ப்ரூம்ஸ்டிக்ஸ் விடுதி; வெளியே பனி, உள்ளே சூடும் கூட்டமும். ஹாரி முதன்முதலில் குடிப்பது சூடான பட்டர்பியரை. பிறகு வரும் நாவல்களில் அது புட்டியில் அடைத்துக் குளிர்ந்தும் கிடைக்கிறது. மனிதர்களுக்கு அது லேசான பானம். விங்கி என்ற குட்டிப் பணிப்பூதத்துக்கோ போதை தலைக்கேறிவிடுகிறது. செய்முறை எங்கும் சொல்லப்படவில்லை. 2002-இல் ஒரு பேட்டியில், அது தன் கற்பனைதான் என்றும், கிட்டத்தட்ட பட்டர்ஸ்காட்ச் போல, ஆனால் அந்த அளவுக்குத் திகட்டாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டதாகவும் ரௌலிங் சொன்னார். செய்ய நினைக்கும் யாரும் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் அந்தத் 'திகட்டாமல்'தான். இதை மறந்தவர்களே அதிகம்.

ரௌலிங்கின் கற்பனைக்கு முன்பே இங்கிலாந்தில் வெண்ணெய் போட்ட பியர் இருந்தது. எலிசபெத் அரசியின் காலத்தில் லண்டனில் அச்சான, இல்லத்தரசிகளுக்கான ஒரு சமையல் கையேட்டின் 1594-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் செய்முறை இருக்கிறது. மூன்று பைண்ட் பியர், அதாவது ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதில் ஐந்து முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து வடிகட்ட வேண்டும். பியூட்டர் எனும் வெள்ளீயக் கலவைப் பாத்திரத்தில் ஊற்றி நெருப்பில் வைத்து அரை பவுண்டு சர்க்கரை, பொடித்த சாதிக்காய், கிராம்பு, இஞ்சி எல்லாம் சேர்க்க வேண்டும். மசாலாவுக்கு எடை சொல்லப்படவில்லை, விலை சொல்லப்பட்டிருக்கிறது: சாதிக்காயும் கிராம்பும் ஒவ்வொரு பென்னிக்கு, இஞ்சி அரைப் பென்னிக்கு. பிறகு இன்னொரு பாத்திரத்தை எடுத்து இரண்டுக்கும் இடையே மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். மறுபடி நெருப்பு. கொதி வரும் நேரத்தில் இறக்கி, உப்பில்லாத வெண்ணெயைப் போட்டு, மீண்டும் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்கு ஊற்றி ஆற்ற வேண்டும்.

டபராவும் டம்ளரும் கையில் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியை விளக்கத் தேவையில்லை. உயரத்திலிருந்து விழும் தாரை காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு விழுகிறது, நுரை கட்டுகிறது. ஆனால் வெறுமனே ஆற்றுவது மட்டும் இருந்திருந்தால் வெண்ணெய் அந்த நுரையைக் கொன்றிருக்கும். அங்கேதான் ஐந்து மஞ்சள் கருவின் வேலை. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் ஒரு கையால் கொழுப்பையும் மறு கையால் நீரையும் பிடித்துக்கொள்ளும். வெண்ணெய் மேலே எண்ணெயாக மிதக்காமல் நுண்துளிகளாக உடைந்து பானம் முழுவதும் பரவி நிற்கும். வேதியியல் பெயர் எதுவும் அறியாத அந்தக் காலத்துச் சமையற்கட்டு, நம் கேள்விக்கு முதல் விடையைக் கண்டுபிடித்திருந்தது. வெண்ணெயைக் கட்டிப்போடு, பிறகு ஆற்று. 1662-இல் எழுதிய நாட்குறிப்பில் லண்டன்வாசி சாமுவேல் பெப்பிஸ் காலை நேரத்தில் வெண்ணெய் சேர்த்த ஏல் என்ற பியர் வகையைக் குடித்ததைக் குறிப்பிடுகிறார். பானம் அடுத்த நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

அந்தப் பழைய செய்முறையில் இன்னொன்றும் இருந்தது, இன்றைய செய்முறைகள் தொலைத்துவிட்டது: கசப்பு. பியர் என்றால் ஹாப்ஸ் பூ போட்டது. அரை பவுண்டு சர்க்கரையை அந்தக் கசப்பு தாங்கிப் பிடித்தது. கசப்பை எடுத்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் வைத்துக்கொண்டால் பானம் திகட்டாமல் என்ன செய்யும்?

பியருக்கும் பட்டர்ஸ்காட்ச்சுக்கும் இடையே ஒரு விசித்திர உறவும் உண்டு. ஈஸ்ட் மாவுச்சாற்றை நொதிக்க வைக்கும்போது டையசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது. அதன் வாசனை அப்படியே வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச். லேகர் வகை பியரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். பியர் காய்ச்சுபவர்களுக்கு இது குறை. நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தைச் சற்றே உயர்த்தி இரண்டொரு நாள் வைத்திருந்து, ஈஸ்டே அதைத் திரும்ப உட்கொள்ளும்படி செய்கிறார்கள். நிஜ பியரில் அரும்பாடுபட்டு ஒழிக்கும் வாசனையைத்தான் நாம் பட்டர்பியரில் தேடுகிறோம். அதே டையசெட்டில் தயிரிலும் உண்டாகும். ஆகவே தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயில் இந்த வாசனை இயல்பாகவே கூடுதல். பாலாடையிலிருந்து நேராக எடுக்கும் கடை வெண்ணெயில் குறைவு. வீட்டில் மோர் கடையும் வழக்கம் இன்னும் இருக்குமானால், இந்தப் பானத்துக்கு அந்த வெண்ணெயே முதல் தேர்வு.

பட்டர்ஸ்காட்ச் என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவு வருவது மஞ்சள் ஐஸ்கிரீமும் அதில் கடிபடும் முந்திரித் துணுக்கும்தான். அசலில் அந்த மஞ்சள் கிடையாது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள டான்காஸ்டர் நகரத்து மிட்டாய் அது. அங்கே சாமுவேல் பார்க்கின்சன் 1817-இல் தொடங்கிய கடையால் பெயர் பெற்றது. பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது, நிறமும் பழுப்புதான். வெள்ளைச் சர்க்கரையை மட்டும் உருக்கிக் கருக்கினால் அது காரமெல். பட்டர்ஸ்காட்ச்சின் சுவை வேறு வழியில் வருகிறது: வெண்ணெயில் இருக்கும் ஒன்றிரண்டு சதவீதப் பால் திடப்பொருளில் உள்ள புரதமும், பழுப்புச் சர்க்கரையில் ஒட்டியிருக்கும் கழிவுப்பாகின் எளிய சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து பிறக்கும் சுவை. எசன்ஸ் புட்டி தருவது இதன் ஒரு இழையை மட்டும். புட்டியிலிருந்து நாலு சொட்டு விட்டுச் செய்த பட்டர்பியர் முதல் வாயில் மணக்கும், இரண்டாம் வாயில் சலிக்கும். இந்தப் பானத்தில் பட்டர்ஸ்காட்ச் எசன்ஸுக்கு இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே பாகைக் காய்ச்சியே ஆகவேண்டும். நாலு குவளைக்கு நூறு கிராம் நாட்டுச் சர்க்கரை, ஐம்பது கிராம் வெண்ணெய், நூறு மில்லி கிரீம், கால் தேக்கரண்டி உப்பு போதும். அடி கனமான வாணலியில் முதலில் வெண்ணெயை மட்டும் சிறு தீயில் உருக்குங்கள். அது சலசலவென்று சத்தம் போடும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அது வெளியேறும் சத்தம் அது. மேலே வெள்ளை நுரை கட்டும். சத்தம் அடங்கி, நுரை மெலிந்து, அடியில் சிறு சிறு பொன்னிறத் துகள்கள் தெரியும்போது வறுத்த கொட்டையின் மணம் கிளம்பும். நெய் காய்ச்சுபவர்கள் முருங்கைக்கீரையைப் போடும் தருணத்துக்குச் சற்று முன்பு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் சர்க்கரையையும் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். முதலில் வெண்ணெய் தனியே, சர்க்கரை தனியே என்று முறைத்துக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம். மூன்று நான்கு நிமிடம் கிளறக் கிளற இரண்டும் கூடி, குமிழிகள் பெரிதாகி, மெதுவாக உடையத் தொடங்கும். இப்போது அறைச் சூட்டில் இருக்கும் கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பாகு பொங்கி எழும், ஆகவே பாத்திரம் ஆழமாக இருக்கட்டும். பிள்ளைகள் அருகில் வேண்டாம், சர்க்கரைப் பாகு தெறித்தால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். இரண்டு நிமிடம் கொதித்ததும் உப்பைப் போட்டு இறக்கிவிடலாம். மிட்டாயாக வார்ப்பதென்றால் இதை 135 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டும், தண்ணீரில் விட்டால் விறைக்கும் பதம். பானத்துக்கு அவ்வளவு முற்றக் கூடாது. ஆறிய பிறகும் கரண்டியிலிருந்து வழியும் பதமே போதும்.

கிரீமை ஏன் சேர்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய செய்முறையில் மஞ்சள் கரு பார்த்த வேலையை இங்கே கிரீமின் பால் புரதம் பார்க்கிறது. வெண்ணெய்க் கொழுப்பைத் துளிகளாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிரீம் இல்லாமல் வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும் கொண்ட பாகை ஐஸ் போட்ட சோடாவில் கலந்து பாருங்கள். வெண்ணெய் உறைந்து மணல் மணலாக மேலே திரளும். வெண்ணெய்க்குப் பதிலாக நெய் ஊற்றலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கூடாது. நெய்யில் நீரும் இல்லை, பால் திடப்பொருளும் இல்லை. பட்டர்ஸ்காட்ச் சுவையைப் பிறப்பிக்கும் பொருளே அதில் வடிகட்டப்பட்டுவிட்டது. பாகோடு சேராமல் பிரிந்தும் நிற்கும்.

நாட்டுச் சர்க்கரைக்கு மாற்றாகக் கருப்பட்டி போட்டால் பானம் அருமையாகவே இருக்கும், ஆனால் அது கருப்பட்டிப் பானம். அதன் மணம் வெண்ணெயை முழுக்க மூடிவிடும். வெல்லத்தில் புளிப்பு அதிகமிருந்தால் சூட்டில் கிரீம் திரியவும் கூடும். பால் பாயசத்தில் வெல்லத்தை இறக்கிய பிறகே சேர்க்கும் காரணம்தான் இங்கும்.

இனிப் பூங்காவின் கதை. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் 2010 ஜூனில் ஹாரி பாட்டர் பகுதியைத் திறந்தபோது, அதற்காகவே ஒரு பட்டர்பியரை உருவாக்கியிருந்தது. தலைமைச் சமையல்காரர் ஸ்டீவன் ஜேசன் தலைமையில் உருவானது. ரௌலிங் சுவைத்து ஒப்புக்கொண்ட பிறகே விற்பனைக்கு வந்தது. மது துளியும் இல்லை. அங்கே பானத்தை ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: குவளையில் முதலில் கிரீம் சோடா போன்ற பானம் இறங்குகிறது, பிறகு இன்னொரு குழாயிலிருந்து கெட்டியான நுரை தனியாக மேலே வந்து உட்காருகிறது. அந்த நுரை பானத்திலிருந்து எழுந்தது அல்ல. நம் கேள்விக்கு இரண்டாவது விடை இது. வெண்ணெய்க்கும் நுரைக்கும் சண்டை என்றால் இருவரையும் தனித்தனி அறையில் வைத்துவிடு. 2009-இல் வந்த ஹாரி பாட்டர் திரைப்படத்தில் ஹாரியின் தோழி ஹெர்மயனியின் மேலுதட்டில் நுரை மீசை ஒட்டியிருக்கும். அப்படி ஒட்டும் நுரை சோடா வாயுவால் ஒருபோதும் வராது. அந்தக் காட்சியில் அவள் தன் குவளையில் மட்டும் இஞ்சி சேர்க்கச் சொல்கிறாள். 1594-இன் செய்முறையிலும் இஞ்சி உண்டு. தெரிந்து செய்தார்களோ இல்லையோ, எனக்குப் பிடித்த ஒற்றுமை அது.

குளிர்ந்த பட்டர்பியரை வீட்டில் செய்பவர்கள் பூங்காவின் வழியைத்தான் பின்பற்ற வேண்டும். பெரும் தலைவலி நுரைக்கான கிரீம்தான். அடித்தால் எழும்பி நிற்க, கிரீமில் குறைந்தது முப்பது சதவீதக் கொழுப்பு வேண்டும். நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பாக்கெட் கிரீமில் 25 சதவீதம்தான். அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் கை வலிக்குமே தவிர எழும்பாது. விப்பிங் கிரீம் என்று விற்பவற்றில் பலவும் தாவரக் கொழுப்பில் செய்து ஏற்கெனவே சர்க்கரை சேர்த்தவை. அவை எழும்பும், ஆனால் நாக்கில் மெழுகுபோல் படியும். உறையில் பால் கொழுப்பு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. கிடைத்தால் கிரீம், பாத்திரம், விஸ்க் மூன்றையும் குளிர்பதனப் பெட்டியில் நன்றாகக் குளிர வைத்து, நூறு மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி பாகு சேர்த்து அடிக்கலாம். கரண்டியைத் தூக்கினால் முனை எழுந்து உடனே மடிய வேண்டும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் கெட்டியாக்கினால் பானத்தின் மேல் கட்டியாக மிதக்கும். மிக்ஸியில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் வெண்ணெய் திரண்டுவிடும்.

பால் கிரீம் கிடைக்காத ஊரில் வேறு வழிகள் உண்டு. ஐஸ் போலக் குளிர்ந்த பாலில் கொழுப்பு நீக்கிய பால் பொடி இரண்டு கரண்டி கரைத்து அடித்தால், புரதத்தின் பலத்தில் சில நிமிடம் நிற்கும் நுரை வரும். நுரையில் பால் வேண்டாம் என்பவர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த நீர் இருக்கிறது. அது முட்டை வெள்ளைக்கருபோல் எழும்பும் என்பதை 2014-இல் பிரான்ஸ் நாட்டு ஜோயல் ரோசெல் கண்டறிந்தார். நீரைப் பாதியாக வற்ற வைத்து, ஆறியபின் சர்க்கரை சேர்த்துப் பத்து நிமிடம் விடாமல் அடிக்க வேண்டும். அதில் பட்டர்ஸ்காட்ச் பாகைக் கலக்கக் கூடாது. கொழுப்பு பட்டதும் எல்லாம் படுத்துவிடும். பாகை மேலே இழையாக விட்டு உடனே குடிக்க வேண்டும்.

நுரைக்குக் கீழே என்ன ஊற்றுவது? வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாம் கிரீம் சோடா என்கின்றன. இலங்கையில் அது கடைக்குக் கடை கிடைக்கும் பானம், அங்கிருப்பவர்களுக்குக் கவலையில்லை. ஆனால் இனிப்புச் சோடாவோடு இனிப்புப் பாகு சேர்வதே திகட்டலின் மூலம். என் தேர்வு வெறும் சோடாதான்; வெனிலா ஒரு சொட்டு போதும். பன்னீர் சோடாவை மட்டும் தொட வேண்டாம். ரோஜா மணமும் வெண்ணெய் மணமும் ஒன்றையொன்று கெடுக்கும். எலுமிச்சை வகைச் சோடாக்களிலும் கோலாவிலும் உள்ள அமிலம் பால் புரதத்தைத் திரித்துவிடும். கார அமில அளவு 4.6-ஐ நெருங்கினாலே பாலின் கேசின் புரதம் திரளத் தொடங்கும். பாகைக் குவளையின் அடியில் விட்டு, கொஞ்சம் சோடாவில் முதலில் கரைத்துக்கொண்டு, மீதியைச் சாய்த்த குவளையின் ஓரமாக ஊற்றி, கடைசியில் நுரையைக் கரண்டியால் ஏற்றினால் அடுக்கு கலையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், சூடான பட்டர்பியர்தான். கதையில் முதலில் வருவது அது. பழைய இங்கிலாந்தில் காய்ச்சியதும் அது. நம் வீடுகளில் அதற்கான பாத்திரமும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு குவளைக்கு இருநூறு மில்லி பால், ஒன்றரை மேசைக்கரண்டி பாகு. பியரை விட்டுவிட்டோம் என்பதால் அதன் தானியச் சுவையையும் விட்டுவிட வேண்டியதில்லை. பியருக்கும் ஹார்லிக்ஸுக்கும் மூலப்பொருள் முளைகட்டிய பார்லிதான். ஹார்லிக்ஸ் ஒரு தேக்கரண்டி சேர்ந்தால் பானத்துக்கு ஓர் அடிப்படை கிடைக்கிறது. கசப்புக்கு என்ன செய்வது? பாகு காய்ச்சும்போது வெண்ணெயை ஒரு படி கூடுதலாகச் சிவக்க விடலாம், உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதிக்காயைக் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்தால் போதும், கிராம்பு ஒன்று. இஞ்சி வேண்டுமென்றால் சுக்குப் பொடியாகப் போடுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி உண்டு, சாறு பிழிந்து வெதுவெதுப்பான பாலில் விட்டால் தயிராக உறைந்து நிற்கும்.

பால் கொதிக்கக் கூடாது. ஓரங்களில் சிறு முத்துக்கள் எழும்போதே இறக்கி, பாகைக் கரைத்து, மூன்றடி உயரம் இல்லாவிட்டாலும் ஓரடி உயரத்திலாவது தூக்கி ஆற்ற வேண்டும். ஏழெட்டு முறை. பாகில் கொழுப்பு துளிகளாகக் கட்டுண்டு இருப்பதால் பாலின் நுரை தாக்குப்பிடிக்கும். ஃபில்டர் காபியின் நுரை அளவுக்கு உயராது, அதைவிடச் சன்னமாக, பழுப்பேறிய நுரையாக இருக்கும். பாகு அளவைக் கூட்டினால் நுரை குறையும். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் நுரையையே மறந்துவிட வேண்டியதுதான்.

பாகைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் சொன்ன நூறு கிராம் சர்க்கரைப் பாகு நாலு குவளைக்குப் பிரிந்தால், குவளைக்கு 25 கிராம் சர்க்கரை. ஒருநாள் ஆற்றல் தேவையில் சேர்க்கும் சர்க்கரை பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது; பெரியவர்களுக்கு அது சுமார் 50 கிராம். ஒரு குவளையில் பாதி போய்விடுகிறது. கிரீம் சோடாவோடு செய்தால் ஒரே குவளையில் முழுவதும் போய்விடும், பிள்ளைகளுக்கு அதற்கும் மேல். பிறந்தநாளுக்கும் மழைக்கால மாலைக்கும் சிறிய டம்ளரில் கொடுக்கும் பானமாக இதை வைத்துக்கொள்வோம்.

விருந்தாளிகள் வருவதானால் பாகை முந்தின நாளே காய்ச்சிக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம், ஒரு வாரம் வரை கெடாது. குளிரில் இறுகிவிடும்; வெந்நீரில் புட்டியைச் சிறிது நேரம் நிறுத்தினால் இளகும். எண்ணெய் பிரிந்து தெரிந்தால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு அடித்துக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். நுரையை மட்டும் முன்கூட்டிச் செய்து வைக்காதீர்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் கண்முன்னே ஆற்றிக் கொடுங்கள்.